கலங்காமல் கேளுங்கள்

‘கலங்கல்மானி பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்று சென்ற இதழில் ஒரு வரி போட்டதற்கு, ஆலை ஆலையாகக் கடிதம் வந்துவிட்டது. ‘பெயர் போடாதீர்கள், எங்கள் மேனேஜர் உங்கள் வாசகர்’ என்று பாதிப் பேர் கேட்டிருந்தார்கள். அதனால் எல்லோருக்கும் ஒரே நீதி: தொழிலும் ஊரும் மட்டும்.

கே: டர்பிடிட்டி மீட்டர் எதை அளக்கிறது? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.
— கல்லூரி மாணவி, திருச்சி

ப: வெளிச்சத்தை.

கே: ஒரே வார்த்தை போதவில்லை. அழுக்கை அளக்காதா?
— அதே மாணவி (இரண்டாவது அஞ்சலட்டை)

ப: தியேட்டரில் ஓரத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். புரொஜக்டரிலிருந்து திரைக்குப் போகும் கதிர் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதே, ஏன்? காற்றில் மிதக்கும் தூசி, ஒளியைப் பக்கவாட்டில் உங்கள் பக்கம் சிதறடிக்கிறது. தூசியே இல்லையென்றால் கதிரே தெரியாது. இதையே தண்ணீரில் செய்வதுதான் கலங்கல்மானி. ஒரு பக்கம் விளக்கு. அதன் கதிருக்கு 90 டிகிரியில் ஓர் ஒளியுணரி. உணரிக்கு எவ்வளவு வெளிச்சம் வந்து சேர்கிறதோ அவ்வளவு கலங்கல். இதற்கு நெஃபலோமீட்டர் என்று பெயர். கிரேக்கத்தில் ‘நெஃபலே’ என்றால் மேகம். என்.டி.யு. என்ற அலகில் முதலில் நிற்பது அந்த மேகம்தான். அழுக்கு என்பது நாம் ஊகிப்பது. மீட்டருக்குத் தெரிந்தது வெளிச்சம் மட்டும். இந்த ஒன்றை மறக்காமல் இருந்தால், கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் எழுதிவிடலாம்.

கே: ஐந்து பேரன் பேத்தி எடுத்தவன் நான். தண்ணீரைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன். மீட்டர் எதற்கு?
— ஓய்வுபெற்ற பம்ப் ஆபரேட்டர், மேட்டூர்

ப: ஐயா, உங்கள் அனுபவத்துக்கு வணக்கம். ஆனால் சுமார் 4 என்.டி.யு.வைத் தாண்டினால்தான் கலங்கல் மனிதக் கண்ணுக்கே பிடிபடும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 சொல்வது 1 என்.டி.யு.; வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 5 வரை பொறுத்துக்கொள்ளலாம். நன்றாக ஓடும் ஒரு மணல் ஃபில்டரில் 0.1 அல்லது 0.2தான் வரும். அது 0.2-லிருந்து 1-க்கு எகிறினால் ஐந்து மடங்கு ஏறிவிட்டது. உங்கள் கண்ணுக்கோ அதே பளிங்கு நீர். நாடகம் முழுவதும் நடப்பது நமக்குத் தெரியாத அந்த அரங்கில்தான்.

கே: மின்சார விளக்கும் உணரியும் வருவதற்கு முன்னால் என்ன செய்தார்கள்?
— சரித்திர ஆசிரியர், தஞ்சாவூர்

ப: மெழுகுவத்தி ஏற்றினார்கள். விப்பிள், ஜாக்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1900 வாக்கில் ஒழுங்குபடுத்திய முறை அது. அடியில் மெழுகுவத்தி, மேலே அடிப்பாகம் தட்டையான நீளக் கண்ணாடிக் குழாய். மேலிருந்து பார்த்துக்கொண்டே நீரை ஊற்ற வேண்டும். சுடரின் உருவம் கரைந்து வெறும் பளபளப்பாகும் நொடியில் நிறுத்தி, எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும். சேற்று நீர் என்றால் சட்டென்று மறைந்துவிடும். தெளிந்த நீர் என்றால் குழாய் போதாது. 25 அலகுக்குக் கீழே அந்த முறையால் அளக்கவே முடியவில்லை. இன்று நாம் 0.3-க்குச் சண்டை போடுகிறோம்.

கே: தெளிந்த நீரைக் காசு கொடுத்து வாங்குவது புரிகிறது. எங்கள் லேபில் கலங்கிய நீரைப் பாட்டிலில் காசு கொடுத்து வாங்குகிறார்கள்! யாரை யார் ஏமாற்றுகிறார்கள்?
— ஸ்டோர் கீப்பர், ஓசூர்

ப: யாரும் இல்லை. தராசுக்கு எடைக்கல் மாதிரி, மீட்டருக்கு அந்தப் பாட்டில். அதன் பெயர் ஃபார்மசின். 1926-இல் கண்டுபிடித்த சேர்மானம். ஹைட்ரசின் சல்ஃபேட் கரைசலையும் ஹெக்சமின் கரைசலையும் கலந்து, 25 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைத்தால், பால்போல் வெளுத்த 4,000 என்.டி.யு. திரவம் கிடைக்கும். எந்த ஊரில் யார் கலந்தாலும் அதே அளவு கலங்கும் என்பதுதான் அதன் பெருமை. ஆற்று மண்ணுக்கு அந்த நாணயம் கிடையாது. ஹைட்ரசின் சல்ஃபேட் பொல்லாத நஞ்சு. அதனால்தான் லேபில் கலக்காமல் தயாராக வாங்குகிறார்கள். நீங்களும் பாட்டிலைக் கையுறையோடு தொடுங்கள்.

கே: எங்கள் மீட்டர் நான்கு நாளாக 0.02 என்றே காட்டுகிறது. ஒரு புள்ளிகூட அசையவில்லை. போனஸ் கேட்கலாமா?
— ஷிஃப்ட் ஆபரேட்டர், காஞ்சிபுரம்

ப: முதலில் சாம்பிள் லைன் வால்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மிகச் சுத்தமான நீரின் மூலக்கூறுகளே கொஞ்சம் ஒளியைச் சிதறடிக்கும், அதற்கே 0.01, 0.02 வந்துவிடும். உங்கள் ஃபில்டர் கடவுளே கட்டியதாக இருந்தாலும் ரீடிங் சற்று ஆடத்தான் செய்யும். நேர்கோடு போடும் இ.சி.ஜி.யைப் பார்த்து எந்த டாக்டரும் கைகொடுப்பதில்லை.

கே: தினமும் சரியாக மதியம் 12 மணிக்கு எங்கள் தொட்டியில் ரீடிங் எகிறுகிறது. ஒரு மணிக்குத் தானாக இறங்கிவிடுகிறது. பேயா?
— மெயின்டனன்ஸ் ஃபிட்டர், கரூர்

ப: பேய்க்கு உச்சிவேளை பிடிக்கும் என்பார்கள். இங்கே சந்தேகப்பட வேண்டியவர்கள் இரண்டு பேர்.

முதல் ஆள் சூரியன். திறந்த தொட்டியில் மேலாகத் தொங்கும் சென்சார்மீது உச்சிவெயில் நேராக விழுந்தால், தன் விளக்கு எது, ஆகாயத்து விளக்கு எது என்று சிலவற்றுக்குக் குழம்பும். நாளை 12 மணிக்கு ஒரு குடையைப் பிடித்துப் பாருங்கள். ரீடிங் இறங்கினால் குற்றவாளி சிக்கினான்.

இறங்காவிட்டால் இரண்டாவது ஆள்: காற்று. அந்த நேரத்தில் எந்த பம்ப் ஓடத் தொடங்குகிறது என்று விசாரியுங்கள். பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுந்தால் நீர் முழுக்கப் பொடிக் குமிழி. குமிழியும் துகளும் மீட்டருக்கு ஒன்றுதான். ஒரு கண்ணாடிக் குப்பியில் நீரைப் பிடித்துச் சில நிமிடம் அசையாமல் வையுங்கள். கலங்கல் மேலே போனால் காற்று. கீழே இறங்கினால் மண். காற்று என்றால் மீட்டருக்கு முன்னால் ஒரு குமிழிப் பொறி வையுங்கள். சென்சார் குழாயில் இருந்தால், மேல்பக்கத்திலும் வேண்டாம், அடியிலும் வேண்டாம்; பக்கவாட்டில் மாட்டுங்கள். மேலே காற்று குடியிருக்கும், கீழே சகதி குடியிருக்கும்.

கே: பால் கலங்கல் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பால்பண்ணையில் இந்த மீட்டருக்கு என்ன வேலை?
— சூப்பர்வைசர், ஈரோடு

ப: பாலுக்காக அல்ல, பால் முடியும் கணத்துக்காக. ஒரு பேட்ச் முடிந்ததும் குழாயில் தங்கிய பாலைத் தண்ணீர் விட்டுத் தள்ளுவீர்கள். பால் எங்கே முடிந்தது, தண்ணீர் எங்கே தொடங்கியது என்று துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்கு வெளியே நின்று யாரும் சொல்ல முடியாது. அதனால் ‘இத்தனை விநாடி’ என்று டைமர் வைத்து வால்வைத் திருப்புவார்கள். டைமர் பிந்தினால் பாலில் தண்ணீர். முந்தினால் சாக்கடையில் பால். பாலில் தண்ணீர் கலப்பது பழைய பாவம். தண்ணீரில் பாலைக் கலப்பது அதைவிடச் செலவான பாவம். நகரக் கழிவுநீரின் பி.ஓ.டி. (அதிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் இருக்கும். பாலுக்கு அது சுமார் 1 லட்சம். ஒரு லிட்டர் பாலைச் சாக்கடையில் விட்டால், முந்நூறிலிருந்து ஐந்நூறு லிட்டர் கழிவுநீரை உங்கள் சுத்திகரிப்பு நிலையத்தின் தலையில் கட்டியதாகக் கணக்கு.

குழாயில் ஒரு கலங்கல் சென்சார் இருந்தால் பால் நீராக மாறுவதை நேரே பார்த்து, அந்த நொடியில் வால்வைத் திருப்பும். இங்கே 90 டிகிரி உதவாது. பாலுக்குள் போன வெளிச்சம் பக்கவாட்டில் வெளியே வருவதற்குள் தொலைந்துவிடும். அதனால் வந்த வழியே திரும்பும் ஒளியை அளக்கும் சென்சாரைப் பொருத்துவார்கள்.

கே: பீர் மட்டும் எப்படி இவ்வளவு பளபளப்பாக இருக்கிறது? (ஆராய்ச்சிக்காகக் கேட்கிறேன்.)
— ஒரு நுகர்வோர், புதுச்சேரி

ப: ஆராய்ச்சி தொடரட்டும், வண்டி ஓட்டாமல். பீர் ஆலையில் ஃபில்டருக்குப் பின்னால் நிற்கும் மீட்டருக்கு இரண்டு கண். 90 டிகிரியில் இருப்பது புரதம் போன்ற மிக நுண்ணிய துகளைப் பார்க்கும். 25 டிகிரி போன்ற குறுகிய கோணத்தில் இருப்பது ஈஸ்ட், வடிகட்டப் பயன்படும் டயட்டம் மண் போன்ற பெரிய துகளைப் பார்க்கும். பெரிய துகள் ஒளியை முன்னோக்கித் தள்ளும். சிறியது எல்லாப் பக்கமும் இறைக்கும். 25 மட்டும் ஏறினால் ஃபில்டர் கிழிந்திருக்கிறது. 90 மட்டும் ஏறினால் ஃபில்டரைத் திட்டாதீர்கள். கோளாறு அதற்கு முன்னால், காய்ச்சியதிலோ குளிரவைத்ததிலோ இருக்கிறது. அவர்களுக்கு அலகும் தனி: 1 ஈ.பி.சி. என்பது 4 என்.டி.யு. குடிகாரர்களுக்கு மட்டும் கணக்கு மாறும் என்று சும்மாவா சொன்னார்கள்.

கே: எங்கள் சாயநீர் சிவப்பாக இருக்கிறது. ஆனால் மீட்டர் ‘தெளிவு’ என்கிறது. மீட்டருக்கு நிறக்குருடா?
— சாயப்பட்டறை ஊழியர், திருப்பூர்

ப: வெள்ளை விளக்கு வைத்த மீட்டராக இருந்தால், நிறம் வெளிச்சத்தை விழுங்கிவிடும், ரீடிங் உண்மையைவிடக் குறைவாக வரும். ஐ.எஸ்.ஓ. 7027 முறையில் வரும் மீட்டர் 860 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கோடு வரும். அதை விழுங்கும் சாயம் குறைவு. அந்த அலகுக்கு எஃப்.என்.யு. என்று பெயர். இந்த இரண்டு வகை மீட்டரின் எண்களை ஒரே பதிவேட்டில் கலந்து எழுதாதீர்கள்.

ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. தெளிவு என்றால் சுத்தமா? இல்லை. கரைந்துபோனதை இந்த மீட்டர் பார்க்காது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதன் பின்னால் இருந்த பெரிய தலைவலி உப்பு. உப்பு கரைந்த நீர் கண்ணாடிபோல் இருக்கும். நொய்யல் ஆற்றுக்கு மட்டும்தான் அது கரிக்கும். உப்புக்கு மின்கடத்து மீட்டர் வேறு, நிறத்துக்கு மீட்டர் வேறு. ஒரே சாட்சியை வைத்துக்கொண்டு எல்லா வழக்கையும் நடத்த முடியாது.

கே: மழைக்காலத்தில் ஆறு காபி நிறத்தில் வருகிறது. அன்றைக்கு மீட்டர் முந்தின நாளைவிடக் குறைவாகக் காட்டுகிறதே?
— ஆபரேட்டர், பவானி

ப: மூடுபனியில் ஹெட்லைட் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அதே கதை. கலங்கல் ஏற ஏற ஓரளவுக்கு ரீடிங்கும் ஏறும். அதற்கு மேல் துகள்கள் நெருக்கியடித்து, ஒரு துகள் சிதறடித்த ஒளியை இன்னொன்று மறித்துவிடும். உணரிக்கு வரும் வெளிச்சம் குறையும். மீட்டர் ‘தெளிந்துவிட்டது’ என்று அறிவிக்கும். சாம்பிளைத் தெளிந்த நீர் விட்டுப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து அளந்து, பத்தால் பெருக்குங்கள். முன்னதைவிட அதிகம் வந்தால் மீட்டர் வெள்ளத்தில் கண்ணிழந்து நிற்கிறது என்று பொருள்.

கே: படிகார டோசிங் பம்ப்பை மீட்டரோடு இணைத்துவிட்டால் ஆபரேட்டரை நிறுத்திவிடலாம் என்கிறார் எங்கள் கன்சல்டன்ட். உண்மையா?
— ஆலை முதலாளி, கோயம்புத்தூர்

ப: சாம்பாரில் உப்புப் போடுகிறீர்கள். ருசி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘உப்பு இல்லை’ என்று போட்டுக்கொண்டே போவீர்கள். தெரியும்போது சாம்பார் கடலாகியிருக்கும். மிதக்கும் துகளைத் திரட்டப் படிகாரம் போட்ட நீர் படிவுத் தொட்டியைக் கடந்து வர இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். கடைசியில் உள்ள மீட்டரைப் பார்த்து முன்னால் உள்ள பம்ப்பை ஆட்டினால் இந்தச் சாம்பார்தான்.

அதனால் ஆற்று நீர் வரும் வாசலில் ஒரு மீட்டர் வைத்து, வரும் கலங்கலுக்கு ஏற்ப முன்கூட்டியே அளவை மாற்றுவார்கள். கடைசி மீட்டரை மெல்லத் திருத்துவதற்கு மட்டும் வைத்துக்கொள்வார்கள். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. இரட்டிப்புக் கலங்கலுக்கு இரட்டிப்புப் படிகாரம் என்பது கணக்கு வாத்தியாரின் ஆசை. நீருக்கு அது தெரியாது. சில சமயம் கலங்கல் குறைந்த நீரில்தான் திரள் கட்டுவது கஷ்டம். மோதிக்கொள்ள ஆள் வேண்டுமே! நீரின் காரத்தன்மை, குளிர்ச்சி எல்லாம் தங்கள் பங்குக்கு வாக்களிக்கும். ஆகவே ஆறு பீக்கரை வரிசையாக வைத்துக் கலக்கிப் பார்க்கும் ஜார் டெஸ்ட் இன்னும் சாகவில்லை. ஆபரேட்டரை நிறுத்தாதீர்கள். முடிந்தால் சம்பளம் கூட்டிக் கொடுங்கள்.

கே: ஃபில்டரை எப்போது பேக்வாஷ் செய்ய வேண்டும்? எங்கள் சீனியர் ‘வெள்ளிக்கிழமை’ என்கிறார்.
— டிரெய்னி, நெய்வேலி

ப: ஃபில்டருக்குக் கிழமை தெரியாது. வெளியே வரும் நீரின் கலங்கல் மெல்லத் தலைதூக்கினால், உள்ளே பிடித்துவைத்த அழுக்கை மணல் கைவிடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அழுத்த இழப்பையும் சேர்த்துப் பார்த்து, அதற்கு முன்பே கழுவ வேண்டும். கழுவும்போது வெளியேறும் நீரையும் அளக்கலாம். அது 10 என்.டி.யு. பக்கம் இறங்கியதும் நிறுத்திவிடுங்கள். பளிங்காகும்வரை கழுவினால் நல்ல நீர் வீண். மணலும் புது மணல்போல் ஆகிவிடும். புது மணல் சரியாக வடிகட்டாது. கழுவி முடித்த ஃபில்டர் முதல் சில நிமிடங்கள் கலங்கலைத்தான் தரும். புதுக் கல்லின் முதல் தோசைபோல அதைக் கணக்கில் சேர்க்காமல் வெளியே விட்டுவிடுங்கள்.

கே: 0.3-ஐத் தாண்டினால் என்ன, குடியா முழுகிவிடும்? சார் எதற்கு இவ்வளவு கத்துகிறார்?
— நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர், ஊர் வேண்டாம்

ப: ஒரு ஊர் முழுகியது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம், 1993. மிச்சிகன் ஏரி நீரைச் சுத்திகரிக்கும் இரண்டு நிலையங்களில் தெற்கு நிலையத்தில் மார்ச் 21 வாக்கில் கலங்கல் ஏறத் தொடங்கியது. 28-ஆம் தேதியும் 30-ஆம் தேதியும் 1.7 என்.டி.யு.வைத் தொட்டது. வெறும் 1.7! டம்ளரில் பிடித்தால் உங்களுக்கும் எனக்கும் தெரியாது. அன்றைய சட்டத்தின் வரம்புக்குள்ளேயேதான் இருந்தது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் ஓடு போர்த்திய முட்டைகள், சில மைக்ரான் அளவே உள்ளவை, அந்தக் கலங்கலோடு ஃபில்டரைக் கடந்து போயின. குளோரின் அவற்றை ஒன்றும் செய்யாது. கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்ற அறிவிப்பு ஏப்ரல் 7-இல்தான் வந்தது. சுமார் 4,03,000 பேர் வயிற்றுப்போக்கில் படுத்தார்கள் என்பது மதிப்பீடு.

இனிமேல்தான் உங்களுக்கான வரி. வடிகட்டிய நீரை இடைவிடாமல் அளக்கும் மானிகள் அங்கே பயன்பாட்டில் இல்லை. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கலங்கலை அளந்தார்கள், ஷிஃப்டுக்கு ஒன்று என்பதுபோல. பிறகு அமெரிக்கச் சட்டம் இறுகியது: மாதத்தில் 95 சதவீத அளவீடுகள் 0.3-க்குள் இருக்க வேண்டும், ஒருபோதும் 1-ஐத் தாண்டக் கூடாது, ஒவ்வொரு ஃபில்டருக்கும் தனி மீட்டர், 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு. மீட்டர் கிருமியைப் பார்ப்பதில்லை. ‘கதவு திறந்திருக்கிறது’ என்று சொல்லும், அவ்வளவுதான். எழுந்துபோய்ச் சாத்துவது நைட் ஷிஃப்டில் விழித்திருப்பவர். அந்த சார் கத்தட்டும், விடுங்கள்.

கே: என்.டி.யு.வை டி.எஸ்.எஸ். ஆக மாற்ற ஒரே ஒரு பெருக்கல் எண் சொன்னால் போதும். உங்களுக்குக் கோயில் கட்டுவேன்.
— ஈ.டி.பி. பொறுப்பாளர், ராணிப்பேட்டை

ப: கோயில் வாய்ப்பு போயிற்று. டி.எஸ்.எஸ்., அதாவது மிதக்கும் திடப்பொருள், என்பது எடை: நீரை வடிகட்டி, தாளை 103 முதல் 105 டிகிரியில் உலர்த்தி, நிறுத்துப் பார்ப்பது. கலங்கல் என்பது ஒளி. ஒரு கிராம் மாவும் ஒரு கிராம் மணலும் தராசுக்கு ஒன்று. வெளிச்சத்துக்கு வானமும் பூமியும். ஆனால் உங்கள் ஆலை, உங்கள் கழிவு, உங்கள் குழாய் என்று எடுத்துக்கொண்டால் இரண்டுக்கும் ஓர் உறவு இருக்கும். இருபது, முப்பது சாம்பிளை வெவ்வேறு நாளில் இரண்டு வழியிலும் அளந்து வரைபடம் போட்டால் அந்த உறவு கிடைக்கும். மூலப்பொருள் மாறினால் மறுபடி போட வேண்டும். ஜாதகத்தை இரவல் வாங்கக் கூடாது. இவ்வளவு பாடு எதற்கு என்றால், லேபின் எடை வருவதற்குள் கழிவுநீர் ஆற்றுக்குப் போய்விடும். மீட்டர் இந்த நொடியில் சொல்லும். நீர்நிலையில் விடும் கழிவுக்குப் பொது வரம்பு லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் சென்சாரை நல்ல தண்ணீர் பக்கெட்டில் போட்டுவிடுவார்களாமே?
— பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம், தொழிலும் வேண்டாம்

ப: குட்டையைக் குழப்பி மீன் பிடிப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம், பக்கெட்டைத் தெளியவைத்துப் பிடிப்பது புதுசு. மிக அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் உத்தரவிட்டது. பக்கெட் நீர் ஆடாது, அசையாது. வெளியேற்றும் பம்ப் ஓடினாலும் நின்றாலும் ஒரே எண். ஓட்டத்தின் வரைபடத்தையும் கலங்கலின் வரைபடத்தையும் அருகருகே வைத்தால் பக்கெட்டின் வட்டம் தெரிந்துவிடும்.

கே: சென்சார் கண்ணாடியை எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும்?
— ஜூனியர் இன்ஜினீயர், மணலி

ப: உங்கள் மூக்குக் கண்ணாடியை எத்தனை நாளுக்கு? அழுக்கானபோது, இல்லையா. வைப்பர், காற்று பீய்ச்சல் என்று தானே துடைத்துக்கொள்ளும் மாடல்கள் உண்டு. ஆனால் தேய்ந்த வைப்பர் ரப்பர் அழுக்கை இழுகிவிடும். துடைப்பதற்கு முன் ஒரு ரீடிங், பின் ஒரு ரீடிங் எழுதுங்கள். இரண்டும் பெரிதாக விலகாத இடைவெளி எதுவோ அதுதான் உங்கள் ஆலையின் விடை. லேபில் குப்பியை வைத்து அளக்கும்போது விரல் ரேகை, குளிர்ந்த குப்பியின் வெளிப்புற வியர்வை இரண்டும் கலங்கலாகக் கணக்கில் ஏறும். நீரைப் பழிக்கும் முன் குப்பியைத் துடையுங்கள்.

கே: ஆலை, பம்ப், சாயம்... வீட்டுப் பெண்களுக்கு இதில் என்ன இருக்கிறது?
— இல்லத்தரசி, நாகர்கோவில்

ப: ‘ஆட்டோ’ பொத்தான் உள்ள டிஷ்வாஷரைத் திறந்து பாருங்கள். பலவற்றின் அடியில் ஒரு குட்டிக் கலங்கல் சென்சார் இருக்கிறது. கழுவிய நீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்த்து, இன்னொரு தண்ணீர் தேவையா என்று முடிவு செய்யும். பாத்திரம் தேய்த்தவர்கள் காலங்காலமாகக் கண்ணால் செய்த முடிவு அது.

கே: எங்கள் ஆத்தா தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்து ஊருணித் தண்ணீரைத் தெளியவைப்பார். அதுவும் உங்கள் படிகார வேலைதானா?
— விவசாயி, சிவகங்கை

ப: அதே வேலைதான். கொட்டையிலிருந்து கரையும் பொருள் மிதக்கும் மண்துகள்களைத் திரட்டி அடியில் உட்காரவைக்கும். ஆத்தாவிடம் மீட்டர் இல்லை. ஆனால் எவ்வளவு நேரம் தேய்ப்பது, எப்போது மேலாக மொண்டுகொள்வது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கண்காணிப்பும் கட்டுப்பாடும் சேர்ந்த முழு அமைப்பு, ஒரே ஆள். தெளிந்தபின் காய்ச்சவும் வேண்டும் என்பதை மட்டும் நாம் சேர்த்துக்கொள்வோம்.

கே: மனசு கலங்கினால் அளக்க மீட்டர் உண்டா?
— பெயர் சொல்லாத ஒருவர், மதுரை

ப: இல்லை. ஆனால் கலித்தொகையில் ஒரு பெண் காதலனைப் பிரிந்து கலங்குகிறாள். அவன் வந்ததும் தெளிகிறாள், கொட்டை தேய்த்த நீர் தெளிவதைப்போல. அங்கேயும் எத்தனை என்.டி.யு. என்று யாரும் குறிக்கவில்லை. வர வேண்டியவன் வந்தான், அவ்வளவுதான். உங்கள் ஆலையில் அலாரம் அடிக்கும்போதும் யாராவது வருகிறாரா என்று பாருங்கள். வராவிட்டால், எனக்குக் கடிதம் போடாதீர்கள். நீங்களே எழுந்து போங்கள்.